கூத்தைக் கெடுத்தவர்கள் பேராசிரியர்களா?

வாசகர் ஒருவரின் கேள்வி, 2024 பெப்ரவரி 11

மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனதற்காகப் பேராசிரியர்களை எல்லாரும் புகழ்கிறார்கள். விடிய விடிய ஆடியதை ஒன்றிரண்டு மணி நேரமாக வெட்டினார்கள். நாலு பக்கமும் இருந்து பார்த்ததை ஒரு பக்கம் மட்டும் பார்க்க வைத்தார்கள். நாடகத்தை ஆராய்கிறவர்கள் நாடகத்துக்குச் செய்தது இதுதானா?

2024 பெப்ரவரி 11, இரவு

படித்ததும் கோபம் வந்தது. சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுதுகிறேன். நான் இருபத்தேழு வருடம் பாடசாலையில் நாடகமும் அரங்கியலும் படிப்பித்தவள். என் அம்மப்பா, மட்டக்களப்புக் கூத்தின் இரண்டு மரபுகளில் ஒன்றான வடமோடியை ஆடிய கூத்தர். இரண்டு பக்கத்தையும் பார்த்திருக்கிறேன்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படிப்பித்த சு. வித்தியானந்தன் இலண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்றது பத்துப்பாட்டை ஆராய்ந்து. நெடுநல்வாடையும் மதுரைக்காஞ்சியும் நடத்திக்கொண்டு பேராதனையின் குளிரில் நிம்மதியாக இருந்திருக்கலாம். அவரோ புழுதி ரோட்டில் மன்னாருக்கும் மட்டக்களப்புக்கும் போய், கூத்துப் பழக்கும் ஆசான்களான அண்ணாவிமார் வீட்டுத் திண்ணையில் இருந்தார். அவர்கள் கையில் இருந்த ஏடுகளைப் பதிப்பித்தார். அலங்காரரூபன் நாடகமும் எண்டிறீக்கு எம்பரதோர் நாடகமும் இன்று அச்சில் கிடைப்பது அதனால்தான். படித்தவர்கள் கூத்து என்ற சொல்லையே இளக்காரமாகச் சொன்ன காலம் அது. "என்ன கூத்தடிக்கிறாய்" என்றுதானே வீட்டில் பிள்ளைகளை ஏசுவார்கள்? அந்தச் சொல்லைப் பல்கலைக்கழக மேடையில் தலை நிமிர்ந்து நிற்க வைத்தவரைப் பார்த்துக் "கெடுத்தார்" என்கிறீர்கள்.

1964இல் இராவணேசன், அதன் பிறகு கர்ணன் போர் என்று மாணவர்களை ஆட வைத்தார். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் பேராதனைக்கு வந்து மாணவர்களுக்கு ஆட்டம் பழக்கினார். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத ஒரு கிராமத்து ஆசான் பல்கலைக்கழகத்துக்குள் குருவாக நுழைந்தார். இது சின்ன விசயமா?

2024 பெப்ரவரி 12, காலை

திருத்தம். வரிசையை மாற்றி எழுதிவிட்டேன். முதலில் ஆடியது கர்ணன் போர், 1962. அதன் பின் நொண்டி நாடகம், பிறகு இராவணேசன், 1967இல் வாலி வதை. மாணவர்களிடம் இந்த வரிசையைப் பிழையாக எழுதாதீர்கள் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! கோபத்தில் எழுதினால் இப்படித்தான்.

2024 பெப்ரவரி 12, மாலை

சிங்கள நாடகத்தைப் பார்த்துத்தான் தமிழர் கூத்துக்குத் திரும்பினார்களா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். ஆம், அதில் ஒரு பங்கு உண்மை. சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. கதை அங்கேயே முடியவும் இல்லை.

எதிரிவீர சரச்சந்திர பேராதனையில் பேராசிரியராக இருந்தவர். சிங்களக் கிராமிய நாடகத்தை ஆராய்ந்து 1953இல் நூல் எழுதினார். பிறகு ஜப்பானுக்குப் போய் நோ, கபுகி அரங்குகளைப் பார்த்தார். 1956 நவம்பர் 3ஆம் தேதி கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் அவருடைய 'மனமே' மேடையேறியது. சிங்கள நவீன நாடகத்தின் வரலாற்றை அந்த நாளில் இருந்து எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். அம்பலாங்கொடையில் சார்ல்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சேயிடம் அவர் கற்றுக்கொண்ட நாடகம என்ற வடிவத்தை வைத்துத்தான் அதைச் செய்தார். அந்த வடிவத்தின் வேர் எங்கே? தமிழ்க் கத்தோலிக்கர் ஆடிய நாட்டுக்கூத்தில். மத்தளமும் நம்முடையது, தரு என்ற கூத்துப் பாட்டும் நம்முடையது. நம் வளவில் முளைத்ததை அயல் வீட்டார் அன்போடு வளர்த்துக் காய்த்துக் குலுங்க வைத்த பிறகுதான் நம் தமிழ்த் துறைக்காரர் எட்டிப் பார்த்தார்கள்.

அப்போதைய நிலை அப்படி. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1926இல் மதங்க சூளாமணி எழுதினார். நாடகத்தை ஆராய்ந்த தமிழ் நூல்களில் எனக்கு மிகவும் பிடித்தது அது. அதன் எடுத்துக்காட்டியலில் இருப்பவை சேக்சுபியரின் பன்னிரண்டு நாடகங்கள். அடிகளார் பிறந்த மண்ணில் வருடா வருடம் ஆடிய கூத்தர் எவரும் அந்த எடுத்துக்காட்டுகளில் இல்லை. அவர் மீது எனக்கு மனக்குறை கிடையாது. நாடக ஆராய்ச்சி என்றால் நூலை ஆராய்வது என்று இருந்த காலத்தில் அவரே ஒரு மலையைப் புரட்டியவர். வித்தியானந்தன் நின்ற இடம் எவ்வளவு தூரம் நகர்ந்த இடம் என்பது புரிவதற்காகச் சொன்னேன்.

2024 பெப்ரவரி 15

கேள்வி கேட்டவர் பதில் எழுதியிருக்கிறார்: "எல்லாம் சரி. பேராதனையில் ஆடியது கூத்தா, கூத்தின் சுருக்கமா?"

மூன்று நாளாக இதற்குப் பதில் எழுத முடியவில்லை.

2024 பெப்ரவரி 18

எனக்கு ஆறேழு வயது இருக்கும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் எங்கள் ஊரில் பப்பிரவாகன் நாடகம். கூத்தாடும் வட்டக் களரி, நாலு புறமும் கம்பு நட்டு மேலே வெள்ளை கட்டி, பெற்றோல்மக்ஸ் விளக்குத் தொங்கும். அம்மம்மா பாயும் தலையணையும் கொண்டுவருவா. நான் நித்திரையாகிவிடுவேன். மத்தளம் உரத்து விழும்போது விழிப்பேன். யாரோ ஒருவர் அப்போதுதான் வரவு ஆடிக்கொண்டிருப்பார். திரும்பவும் நித்திரை. விடியப்போகும் நேரத்தில் அம்மம்மா என்னை உலுக்கி எழுப்பினா. "அம்மப்பா வந்துவிட்டார், பார்." அவர் ஆடியது பப்பிரவாகனின் தாய். மகன் கையால் அருச்சுனன் விழுந்து கிடக்கிறான். கணவனுக்கு அழுவதா, மகனை ஏசுவதா என்று தெரியாமல் அவள் பாடும் இடம். வயலில் மண்வெட்டி பிடிக்கிற கை அப்படி நடுங்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. சுற்றியிருந்த பெண்கள் வாய்விட்டு அழுதார்கள்.

இரவு முழுவதும் காத்திருந்தபடியால்தான் அந்த அழுகை வந்தது. உடம்பு சோர்ந்து, மனம் இளகி, குளிர் பிடித்து, கிழக்கு வெளுக்கிற நேரத்தில் அந்தப் பாட்டு வந்து விழுகிறது. இதை ஒன்றரை மணி நேரத்தில் யாராலும் கொடுக்க முடியாது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு கிழமை எடுத்தது.

2024 பெப்ரவரி 19

ஆனால் நேற்று எழுதியது பாதிதான்.

எங்கள் கூத்தில் அரங்கேற்றம் என்பது கடைசிக்கு முந்திய படி. அதற்கு முன்னால் மாதக்கணக்கில் வேலை நடக்கும். எந்தக் கூத்து ஆடுவது, யார் யார் ஆடுவது என்று ஊர் கூடி முடிவு செய்யும். யார் குரலுக்கு எந்தப் பாத்திரம் பொருந்தும் என்று அண்ணாவியார் பார்த்துச் 'சட்டம்' கொடுப்பார். அவரவர் பாட்டை அவரவர் கொப்பியில் எழுதிக்கொள்வார்கள். பிறகு ஆட்டம் பழக்குதல். பிறகு கிழமைக்கு ஒருமுறை ஒத்திகையாக ஆடும் கிழமைக் கூத்து. ஆடுகிறவர்கள் முதன்முதல் சதங்கை கட்டும் சதங்கை அணி விழா. முழு ஒத்திகையான அடுக்குப் பார்த்தல். அரங்கேற்றம். அதுவும் முடிந்த பிறகு வீட்டுக்கு வீடு போய் ஆடுவார்கள்.

இந்த வரிசை எனக்கு எப்படித் தெரியும்? அம்மப்பா சொல்லித் தரவில்லை. அவருக்கு அது சொல்ல வேண்டிய விசயமே இல்லை. பேராசிரியர் சி. மௌனகுருவின் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள் நூலில் படித்தேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் அவர் செய்த கலாநிதிப் பட்ட ஆய்வு 1998இல் நூலாக வந்தது. அமிர்தகழியில் பிறந்த அவர் பேராதனையில் மாணவராக இருந்தபோது இராவணேசனை எழுதி, இராவணனாக ஆடியவர். ஆட்டத்தைத் தன் காலில் வைத்துக்கொண்டு ஆராய்ச்சி எழுதினார். வடமோடிக்கும் தென்மோடிக்கும் என்ன வேறுபாடு, எந்தத் தாளக்கட்டுக்கு எந்த ஆட்டம் என்று அவர் எழுதுகிற இடங்களைப் படித்தால் கால் தானாக அசையும்.

ஆகவே கேள்வி கேட்டவருக்கு என் பதில் இப்போது இது. பேராதனை மேடை அரங்கேற்றம் என்ற ஒரு படியை மட்டும் எடுத்துக்கொண்டது. இரவைச் சுருக்கியது சின்ன வெட்டு. அதற்கு முந்திய மாதங்களும் பிந்திய வீட்டு முற்றங்களும் மேடையில் ஏறவே இல்லை. அதுதான் பெரிய வெட்டு. அந்த மாதங்களை எழுதி வைத்தவரும் அதே மேடையில் நின்ற ஒரு மாணவர்தான். கெடுத்தவர், காத்தவர் என்று இரண்டு வரிசையாகப் பேராசிரியர்களை நிறுத்த முடியாமல் நான் திணறுவது இதனால்.

2024 பெப்ரவரி 19, இரவு

ஒரு விசயம் விட்டுப்போனது. "அதன் பிறகு ஊரில் ஆட ஆள் இல்லாமல் போய்விட்டது" என்று கீழே வேறொருவர் எழுதியிருக்கிறார். ஊர்கள் இடம்பெயர்ந்தது யாரால்? இரவில் விளக்குக் கொளுத்தவே பயந்த வருடங்கள் எத்தனை? விடிய விடிய மத்தளம் அடிக்க முடியாத காலத்தில் கூத்து எப்படி நடக்கும்? எல்லாவற்றையும் பேராசிரியர் தலையில் கட்டாதீர்கள். இன்றும் படுவான்கரையில் வெள்ளாமை வெட்டி முடிந்ததும் மத்தளச் சத்தம் கேட்கிறது.

2024 பெப்ரவரி 25

கூத்து மீளுருவாக்கம் நடந்த மட்டக்களப்புக் கிராமமான சீலாமுனையைப் பற்றி நான் ஏன் எழுதவில்லை என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். எழுதத்தான் நினைத்திருந்தேன்.

கிழக்குப் பல்கலைக்கழகத்துச் சி. ஜெயசங்கர் பேராதனை வழியை நேராகவே விமர்சித்தவர். கூத்தைச் செம்மைப்படுத்தி மேடைக்குக் கொண்டுவருகிறோம் என்பதில் கூத்தரைவிடப் படித்தவர் மேலானவர் என்ற எண்ணம் ஒளிந்திருக்கிறது என்பது அவருடைய வாதம். அவர் கூத்து மீளுருவாக்கம் என்று பேசினார். ஊரை விட்டு வெளியே எடுக்காமல், ஊரவரோடு இருந்து, ஆடுகிறவர்களே பேசி முடிவெடுத்துத் தங்கள் கூத்தைத் தாங்களே மாற்றுவது. பெண்களை இழித்துப் பேசும் வரிகளைத் தொடர்ந்து பாட வேண்டுமா? சாதியைத் தூக்கிப் பிடிக்கும் இடங்களை என்ன செய்வது? இவற்றைக் களரி ஓரத்தில் இருந்து கூத்தரே விவாதித்தார்கள்.

நான் மேலே சொன்ன அந்த மாதங்களுக்குள் நுழைந்த ஆராய்ச்சி இது. முதலில் எனக்கு இது பிடிக்கவில்லை. என் ஆசிரியர்களின் ஆசிரியரைக் குறை சொல்கிறாரே என்று பட்டது. இப்போது அவர் நூலைப் படிக்கும்போது அம்மப்பாவின் முகம்தான் நினைவுக்கு வருகிறது. அவரிடம் யாராவது எந்த வரியை மாற்றலாம் என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? நிச்சயம் ஏதோ சொல்லியிருப்பார். தாயாக ஆடியவர் அல்லவா?

பெண்கள் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் ஊர்க் களரியில் பெண்கள் பார்க்கலாம், அழலாம், ஆடக் கூடாது. அம்மப்பாவின் பேத்தி என்ற உரிமையில் ஒருநாள் அவருடைய சதங்கையை எடுத்துக் கட்டினேன்; மாமா கழற்றச் சொல்லிவிட்டார். பிறகு நான் சதங்கை கட்டியது பல்கலைக்கழகத்தில். கூத்தை மேடைக்குக் கொண்டுபோனதால் என்னைப் போன்றவர்களுக்குக் கிடைத்தது இது. இரவு வெட்டப்பட்டதற்காக வருந்துகிற நான் இதையும் மறைக்கக் கூடாது.

2024 மார்ச் 2

தமிழ்நாட்டில் இருந்து ஒருவர் கேட்கிறார்: எங்கள் பக்கம் இப்படி யாரும் இல்லையா? இருக்கிறார்கள். நான் படித்த அளவில் இரண்டு பேரைச் சொல்கிறேன். சே. இராமானுஜம், 1977இல் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பட்டறையைக் கேரளத்தின் ஜி. சங்கரப்பிள்ளையோடு சேர்ந்து நடத்தியவர். பின்னாளில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்தவர். திருக்குறுங்குடிக் கோயிலில் நலிந்துபோயிருந்த கைசிக நாடகத்தை மீட்டதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. இன்னொருவர் ஹான்னா டி புரூயின். நெதர்லாந்தில் இருந்து ஆராய்ச்சிக்கு வந்தவர், காஞ்சிபுரம் பக்கத்திலேயே தங்கிவிட்டார். பெ. ராஜகோபாலோடு சேர்ந்து கூத்தருக்கு ஒரு சங்கமும் பிள்ளைகளுக்கு ஒரு கூத்துப் பள்ளியும் உருவாக்கினார். ஆராய்ச்சியாளர்கள் பலர் தெருக்கூத்து என்றே எழுதிவந்தபோது அவர் கட்டைக்கூத்து என்று எழுதினார். ஆடுகிறவர் தன் கலைக்கு வைத்திருக்கும் பெயரைக் கேட்டு எழுதுவதில் இருந்துதானே ஆராய்ச்சி தொடங்க வேண்டும்?

கார்த்திகேசு சிவத்தம்பியைப் பற்றிக் கேட்டவருக்கு: பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றிப் பர்மிங்காமில் ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலில் ஆய்வு செய்தவர். அப்பாவுக்கு அவர் பேராசிரியராகத் தெரியாது. வானொலியில் 'விதானையார் வீட்டில்' நாடகத்தில் விதானையாராக வந்த குரலாகத்தான் தெரியும்.

2024 மார்ச் 9

இதை எழுதுவதா என்று ஒரு கிழமை யோசித்தேன்.

மேலே கூத்தின் படிகளை வரிசையாக எழுதினேன் அல்லவா? அதே வரிசையை வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டேன், வருடா வருடம். ஒருமுறை உயர்தர வகுப்பில் தவணைப் பரீட்சை. அந்தக் கேள்வியைக் கொடுத்திருந்தேன். படுவான்கரையில் இருந்து தோணியில் ஆறு கடந்து பஸ்ஸில் வரும் ஒரு பெடியன் சதங்கை அணிவதை அடுக்குப் பார்த்தலுக்குப் பின்னால் எழுதியிருந்தான். இரண்டு புள்ளி குறைத்தேன். அவன் கொப்பியோடு வந்து நின்றான். "டீச்சர், எங்கள் ஊரில் அப்படித்தான்." நான் சொன்னது எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. "நூலில் உள்ளதை எழுது. பரீட்சைக்கு அதுதான் வேண்டும்."

அவன் அந்த வருடம் ஊரில் ஆடிக்கொண்டிருந்தவன். இரவில் ஆட்டம் பழகிவிட்டுக் கண் சிவக்க வகுப்புக்கு வருவான். நாளைக்கு ஒருவர் ஆராய்ச்சி செய்ய வேண்டியிருந்தால் போய்க் கேட்க வேண்டியது அவனிடம். நானோ நூலை வைத்து அவனைத் திருத்தினேன். நூலை எழுதியவர் ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதினார். அதைப் படித்த நான் என் வகுப்பில் இருந்தவனைக் கேட்கவில்லை.

கேள்வி கேட்டவர் என்னை மன்னிக்க வேண்டும். கூத்தை யார் கெடுத்தது என்ற உங்கள் கேள்விக்குள் பேராசிரியர்கள் மட்டும் இல்லை. அவர்கள் தேடிக் கண்டதை விடைத்தாளுக்கான ஆறு வரியாக மாற்றிய என்னைப் போன்ற ஆசிரியர்களும் இருக்கிறார்கள்.

2024 மார்ச் 10

"இரண்டு புள்ளிக்கு இவ்வளவு வருத்தமா" என்று கேட்டவருக்கு: ஆம்.

2024 மார்ச் 24

அவனைத் தேடிப் போனேன். இப்போது அவன் அண்ணாவியார். பெடியன் என்று எழுதக் கூடாது, அவர் என்று எழுதுகிறேன். இரண்டு பிள்ளைகள், வயல், கொஞ்சம் மாடு. இந்த வருடம் பப்பிரவாகன் பழக்குகிறார். பரீட்சை விசயத்தைச் சொன்னேன். அவருக்கு அது நினைவிலேயே இல்லை. "டீச்சர் எனக்குப் படிப்பித்தது நினைவு இருக்கிறது" என்று மட்டும் சொன்னார்.

அவருடைய ஏட்டில் தாயின் புலம்பலில் ஒரு விருத்தம் இல்லை. பாட்டுக்கும் அடுத்த தருவுக்கும் நடுவில் ஏதோ விட்டுப்போன மாதிரி இருக்கிறது, ஆனால் எந்த ஊர்க் கொப்பியிலும் கிடைக்கவில்லை என்றார். வீட்டுக்கு வந்து அம்மப்பாவின் கொப்பியைப் பெட்டிக்குள் இருந்து எடுத்தேன். செல்லரித்த பக்கங்கள். விருத்தம் இருக்கிறது! நாலு வரியும் மையில், மூன்றாம் வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் 'இங்கே மூச்சு' என்று அவருடைய எழுத்து.

2024 மார்ச் 31

நேற்றுக் கிழமைக் கூத்துக்குப் போனேன். அண்ணாவியார் விருத்தத்தைப் பாடிக் காட்டினார். தாயாக ஆடும் இளைஞன் மூன்றாம் வரியில் மூச்சு வாங்காமல் ஒரே இழுப்பாகப் பாடினான், நன்றாகவும் இருந்தது. பென்சில் குறிப்பைச் சொல்வதா என்று யோசித்துவிட்டுச் சொன்னேன். அவன் நின்று பாடிப் பார்த்தான். பிறகு அண்ணாவியாரோடு இதைப் பற்றி நெடுநேரம் வாதாடினான். நான் குறிப்புக் கொப்பியைத் திறந்து இரண்டு விதமாகவும் எழுதிக்கொண்டேன். அடுக்குப் பார்த்தல் வருகிற சனிக்கிழமை. சதங்கை அதற்குப் பிறகுதான்.